குளிருக்கு வாற லைற்

சிறில் அண்ணையின் கராஜுக்கு வரும் கார்களுக்கு மே மாதம் வரை பலவிதமான வருத்தங்கள் இருக்கும். ஜூன் பிறந்து அந்த ஊர்க் குளிர்காலம் தொடங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம்தான். பற்றரி இறங்கினாலும் குளிர், பிறேக் கத்தினாலும் குளிர், ஸ்ரியறிங்குக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைற் எரிந்தாலும் குளிர். "அது குளிருக்கு வாறது, பயப்பிடாதேயுங்கோ" என்று அவர் சொன்னால், கேட்கிறவருக்குத் தோளில் யாரோ போர்வையைப் போர்த்திவிட்டது போல இருக்கும். அத்தனை பரிவான குரல். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கிறதும் அதே குரல்தான்.

கராஜ் இருப்பது ஓக்லண்டின் தெற்கே விரி என்ற இடத்தில், பெரிய பெரிய களஞ்சியங்களுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான துண்டில். முன்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கார்கள் கண்ணாடியில் விலை எழுதி விற்பனைக்கு நிற்கும். பின்பக்கத்தில் காரைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு லிஃப்ற் போட்ட வேலைத்தளம். முன்பக்கம் சிறிலின் ராச்சியம். பின்பக்கத்தில் றொய்ஸ்டன்.

றொய்ஸ்டனுக்கு முப்பத்துநாலு வயது. மன்னார்ப் பக்கத்து ஆள். கொழும்பில் எட்டு வருடம், காரில் கொழுவினால் அதன் வருத்தத்தை எண்ணிலும் எழுத்திலும் சொல்லும் ஸ்கேனரோடு வாழ்ந்தவன். சிறில் கொடுத்த வேலையில் ஓக்லண்ட் வந்து மூன்று வருடமாகிறது. விசாவில் சிறிலின் கம்பெனிப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை விட்டு வெளியே கால் வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மனைவி அனோஜாவும் நாலு வயது மகளும் மன்னாரில். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகக் கேட்ட விசா ஒருமுறை மறுக்கப்பட்டுவிட்டது. இனி றொய்ஸ்டனுக்கு நிரந்தரமாக இருக்க ரெசிடென்ஸ் கிடைத்தால்தான் உண்டு. அதற்கு வேண்டிய கடதாசியெல்லாம் சேர்த்தாயிற்று, முதலாளி நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டிய படிவம் ஒன்றைத் தவிர. அது ஏப்ரல் மாதத்திலிருந்து சிறிலின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. கேட்கும் போதெல்லாம் "வைப்பம் தம்பி, ஆறுதலா வைப்பம்" என்பார். கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சிறிலிடம் கார் வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. பணத்தைக் கட்டியதும் அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் கார் பார்க்கில் ஃபாதர் வந்து நின்று செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். சிறில் தன் கையால் கண்ணாடியில் ஒரு செபமாலையைத் தொங்கவிடுவார். சனம் சுற்றி நின்று கைதட்டும். அப்படி வாங்குகிற காரை வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கிறதென்றால், சிறிலை மட்டுமல்ல, ஃபாதரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டதாகிவிடும். ஆகவே ஒருவரும் காட்டுவதில்லை. அடுத்த தெருவில் ஒரு வெள்ளைக்காரன் விற்றால் ரயரை உதைத்து, என்ஜினைக் குடைந்து, மூன்று பேரைக் கூட்டி வந்து பார்க்கிற அதே ஆட்கள்தான் இவர்கள்.

ஸ்ரெல்லா அக்காவும் அந்த வெள்ளி நிறக் காரை அப்படித்தான் மார்ச் மாதத்தில் வாங்கினார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பாட்டனி டவுன்ஸில் தனியாக இருந்தார். வேலை, வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

ஜூன் முதல் கிழமை அவருடைய காருக்கு வருத்தம் தொடங்கியது. விடியற்காலையில் ஸ்ரார்ட் செய்தால் கார் உதறும், மஞ்சள் லைற் விட்டு விட்டு மின்னும். இரண்டு நிமிடத்தில் உதறல் நின்றுவிடும். லைற் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் ஸ்ரெல்லா அக்கா மத்தியானம் காரைக் கொண்டு ஓடி வந்தார். சிறில் தானே ஸ்கேனரை எடுத்துக் கொழுவினார், என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்காமலே அழிக்கிற பொத்தானை அமத்தினார். லைற் அணைந்தது. குளிருக்கு வாறது என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போன அக்கா, அடுத்த குளிர் விழுந்த கிழமை திரும்பவும் வந்தார். திரும்பவும் அதே பொத்தான். காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்காமல் தேர்மோமீற்றரை உதறி வைக்கிற வைத்தியம் அது. றொய்ஸ்டன் வேறொரு காரின் அடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை.

திறக்காவிட்டாலும் அவனுக்கு அரித்துக்கொண்டே இருந்தது. குளிரில் மட்டும் தெரிகிற வருத்தத்தைக் குளிரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்று என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்க, விடிய முதல் தரம் ஸ்ரார்ட் செய்யும்போது பார்க்க வேண்டும். கராஜுக்கு வந்து சேரும்போது அந்தக் கார் அரை நாள் ஓடிச் சூடாகி, நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் தரம் அக்கா வந்தபோது, ஒரு இரவு இங்கே விட்டுவிட்டுப் போகட்டும், காலமை நான் பார்க்கிறேன் என்று றொய்ஸ்டன் சிறிலிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். அக்காவுக்கு விடிய வேலை, மாற்றிக் கொடுக்கக் கார் இல்லை என்றார் சிறில். முன்னால் பன்னிரண்டு கார் நின்றது.

சிறில் ரெலிபோனோடு ஒபிஸுக்குள் போன நேரம் ஸ்ரெல்லா அக்கா லிஃப்ற்றடிக்கு வந்தார். திங்கட்கிழமை கார் உதறிய உதறலில் பயந்து வீதியோரம் நிறுத்திவிட்டாராம். முதல் வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. அந்த வீட்டில் இருக்கிறவர் தானாகத் திரும்பிப் படுக்கவும் முடியாத மனிதர். நனைந்த படுக்கையில் அப்படியே கிடந்திருக்கிறார். இன்னொரு தரம் பிந்தினால் வேறு ஆளைப் போடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"மூண்டாந்தரம் வந்து நிக்கிறன், தம்பி. நீர் எண்டாலும் உள்ளதைச் சொல்லும்" என்றார்.

புத்தியுள்ளவன் சிரித்துச் சமாளித்திருப்பான். றொய்ஸ்டனுக்கு அந்த நனைந்த படுக்கை கண்ணுக்குள் நின்றது. நாளைக்கு விடிய ஸ்ரார்ட் பண்ணாமல் வைத்திருங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் லாச்சிக்குள் கிடக்கிற படிவம் நினைவுக்கு வந்தது.

சான்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டின் பின்னறையில் அவன் குடியிருந்தான். நாலரைக்கு எழும்பினான். போனது சிறிலின் கராஜ் வான் வண்டியில், கொண்டுபோனது சிறிலின் ஸ்கேனரை. பாட்டனி டவுன்ஸில் வான் நின்றபோது ஐந்தேகால். வீதியோரப் புல் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. வெள்ளிக் காரின் முன்கண்ணாடியில் சீனி தூவியது போல உறைபனி. ஸ்ரெல்லா அக்கா நைற்றிக்கு மேலே பஞ்சு வைத்த ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, கையில் ரோச் லைற்றோடு வெளியே வந்தார்.

பொனற்றைத் திறந்ததும் றொய்ஸ்டன் ஸ்ரார்ட் செய்யவில்லை. முதலில் என்ஜினை ஆற்றுகிற தண்ணீர் நிற்கும் கூலன்ட் போத்தலைப் பார்த்தான். ஆகக் கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. வெளியில் எங்கும் ஒழுகின அடையாளம் இல்லை. மூடியைத் திறந்து ரோச்சைப் பிடித்தபோது உள்சுவரிலும் மூடியிலும் செப்புப் பொடி மினுங்கியது. அந்தப் பொடியை அவனுக்குத் தெரியும். ஒழுக்கை உள்ளேயிருந்து கொஞ்ச நாளைக்கு அடைக்கிற மருந்து அது. அந்தப் போத்தல்கள் கராஜின் பின் அலுமாரியில், பெயின்ற் பேணிகளுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. யாருக்கு, எதற்கு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பொனற்றின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். மூன்று பிளக் சாம்பல் பிடித்த தவிட்டு நிறத்தில் இருந்தன. மூன்றாம் சிலிண்டரில் இருந்து வந்தது மட்டும் கழுவித் துடைத்த பேணி மாதிரி. மூக்கடியில் பிடித்தான், கூலன்டின் இனித்த மணம். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஸ்கேனரைக் கொழுவி, அக்காவை ஸ்ரார்ட் செய்யச் சொன்னான்.

கார் உதறியது. லைற் மின்னத் தொடங்கியது. ஸ்கேனரில் பற்றாமல் விட்ட தரங்களை எண்ணுகிற பக்கத்தில் முதலாம், இரண்டாம், நாலாம் சிலிண்டருக்கு நேரே பூச்சியம் அசையாமல் நின்றது. மூன்றாவதற்கு நேரே எண் ஓடியது, பத்து, இருபத்தெட்டு, அறுபது. சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை எழும்பிப் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் போனது. அதிலும் அதே இனித்த மணம். இரண்டு நிமிடம் கழிய எண் நின்றது, உதறல் நின்றது, புகை மெலிந்தது. கார் மத்தியானத்தில் கராஜுக்கு வருகிற அதே நல்ல பிள்ளையாகிவிட்டது.

றொய்ஸ்டன் என்ஜினை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னான். என்ஜினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, ஹெட் காஸ்கற் என்பார்கள். அது ஓரிடத்தில் போய்விட்டது. இரவில் கார் ஆறி நிற்கும்போது அதன் வழியாகத் தண்ணீர் மூன்றாம் சிலிண்டருக்குள் கசிகிறது. விடிய அந்த ஈரத்தோடு அது பற்றாமல் மிஸ் அடிக்கிறது. சூடானதும் இரும்பு விரிந்து கசிவு அடைபடுகிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். ஒருநாள் தண்ணீரெல்லாம் போய் என்ஜின் கொதித்து இறுகும், அது மோட்டர்வேயில் வைத்தும் நடக்கலாம்.

"இது குளிருக்கு வாறதில்லை, அக்கா. குளிரில தெரியுது, அவ்வளவுதான். உங்களுக்கு விக்கேக்கயே இருந்தது."

"சிறில் அண்ணைக்குத் தெரியுமோ?"

அவன் செப்புப் பொடி ஒட்டிய மூடியைப் பார்த்தான். "தெரியும்" என்றான்.

 ஸ்ரெல்லா அக்கா கண்ணாடியில் தொங்கிய செபமாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். றொய்ஸ்டன் சாமான்களை அடுக்கிக்கொண்டே கெஞ்சாத குறையாகச் சொன்னான், தன் பெயர் மட்டும் வரவேண்டாம், படிவம் அவருடைய லாச்சிக்குள் கிடக்கிறது, பிள்ளைக்குத் தன்னை ரெலிபோனில்தான் தெரியும் என்று.

"உமக்கென்ன விசரே? நான் ஏன் உம்மட பேரைச் சொல்லுறன்" என்றார் அக்கா. உள்ளே போய் இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவே சீனிச்சம்பல் வைத்து, ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

அவன் அதை வானுக்குள் இருந்து தின்றான். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவனுக்குத் தன் தொழிலைச் செய்த மாதிரி இருந்தது. நல்ல ருசி, நல்ல பசி. சந்தோசமாக இருந்தான், பாவம்.

அடுத்த திங்கள் அவன் வேலைக்குப் போனபோது முன்பக்கத்தில் வெள்ளிக் கார் நின்றது. அது நின்ற இடத்தில் வெள்ளிக்கிழமை வரை நின்ற நீலக் காரைக் காணவில்லை.  பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு சிறில் அவனை ஒபிஸுக்கு வரச் சொன்னார். கதிரையைக் காட்டினார். லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, அதற்கு மேலே பேனையை வைத்தார்.

"ஸ்ரெல்லா வந்தவ" என்றார். "மூண்டாவது சிலிண்டர் எண்டா, ஹெட் காஸ்கற் எண்டா. அவவுக்குக் காருக்குள்ள சிலிண்டர் இருக்கெண்டதே தெரியாது. ஆர் சொன்னது எண்டு கேட்டன். கேட்ட உடன சொன்னா."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் றொய்ஸ்டனைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. காரை மாற்றித் தராவிட்டால் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால் எழும்பிச் சொல்லுவேன், சிறிலின் மெக்கானிக்கே சாட்சிக்கு வருவான் என்று ஸ்ரெல்லா அக்கா சொன்னாராம். ஆகவே நீலக் காரைக் கொடுத்தாராம். தான் கோபிக்கவில்லையாம். இளம் ஆட்கள் அவசரப்படுகிறதுதானாம். அனோஜா எப்படி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாவோ என்றும் இடையில் கேட்டார். பிறகு ஜன்னலால் வெள்ளிக் காரைப் பார்த்தார்.

"இப்ப உது எனக்குத் திரும்பி வந்திட்டுது. நீர் வர வைச்சனீர், நீர்தான் வெளியில அனுப்பவேணும். சனிக்கிழமை ஆக்கள் பாக்க வருகினம்."

படிவத்தைத் திரும்ப லாச்சிக்குள் போட்டார். லாச்சியை மூடவில்லை.

ஸ்ரெல்லா அக்கா வியாழக்கிழமை நீலக் காரில் வந்து இறங்கினார். வெள்ளிக் காரின் கண்ணாடியில் தொங்கிய செபமாலையை மறந்துவிட்டாராம், ஃபாதர் மந்திரித்தது, விட்டுவிட்டுப் போக மனமில்லையாம். றொய்ஸ்டன் கதவைத் திறந்துவிட்டான். அவர் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அந்தத் திறந்த கதவடியில் முகத்துக்கு முகம் நிற்க வேண்டியதாகிவிட்டது. அக்கா நிலத்தைப் பார்த்தார், பிறகு அவனையே பார்த்தார். வெட்கத்தை வெளியில் காட்டாமல் கதைக்கப் பழகிய மனுசி.

"உம்மட பேரைச் சொல்லாட்டி அவர் மாத்தித் தந்திருக்க மாட்டார், தம்பி. எனக்கு வேலை போயிருக்கும். நான் என்ன செய்யிறது?"

 இந்தக் காரை அவர் இனி வேறு யாருக்கும் விற்றால் என்று மட்டும் றொய்ஸ்டன் கேட்டான்.

"அது அவற்ர பாடு" என்றார் ஸ்ரெல்லா அக்கா. "நான் என்னைத்தான் பாக்கலாம். உமக்கு எல்லாம் சரிவர மாதாவை மண்டாடுறன்." செபமாலையை நீலக் காரில் தொங்கவிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று போனார். நீலக் கார் முதல் சுழற்றலிலேயே பிடித்தது. நல்ல கார்தான் அது, றொய்ஸ்டனே சேர்விஸ் பண்ணினது.

அவர் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் அன்றைக்கு முழுக்க நட்டுகளை இறுக்கினான். சிறிலின் மேல் வரவேண்டிய ஆத்திரம் வரவில்லை. அந்த மனிதனிடம் லாச்சி இருந்தது. தன்னை அமத்தி வைத்திருக்கிறவரிடம் கையேந்தி நிற்கிறபோது, உதவி செய்யப் போன இடத்தில் கிடைத்த அடிதான் கூடுதலாக நோகும் போலிருக்கிறது. அனோஜாவுக்கு இதொன்றையும் அவன் சொல்லவில்லை. கையெழுத்து இந்தக் கிழமை கிடைக்கும் என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலமை பின் அலுமாரியைத் திறந்து பெயின்ற் பேணிகளை விலக்கினான். சிறில் சொல்லவுமில்லை, அவன் கேட்கவுமில்லை. கூலன்ட் போத்தலைக் கழற்றிச் செப்புப் பொடி ஒன்றும் ஒட்டாமல் கழுவினான். ரேடியேற்றருக்குள் மருந்தை ஊற்றினான், மேலே புதுக் கூலன்ட் கோடு வரைக்கும். மூன்றாம் பிளக் மற்ற மூன்றைப் போலவும் தெரிய, வேறொரு காரில் ஓடின பழைய பிளக் ஒன்றைத் தேடிப் பூட்டினான். இது சிறிலுக்குக்கூடத் தோன்றியிராது. குளிரில் நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, சூட்டில் அதை ஒளிக்க யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பத்து மணிக்கு என்ஜினை ஓடவிட்டான். பதினொன்றுக்கு ஆட்கள் வருவார்கள். கடைசியாக ஸ்கேனரைக் கொழுவி எல்லாவற்றையும் அழித்தான். அதே கருவியில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அழித்த பிறகு கார் ஓடின தூரம் எவ்வளவு என்று காட்டும். பூச்சியம் என்று காட்டியது. வெளியில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து அந்தப் பக்கத்தை ஒருதரம் திறந்தால் போதும், விற்கிற அன்றைக்கே எதையோ அழித்திருக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும். எங்கட ஆட்கள் ஒருவரும் அப்படிக் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

வந்தது புதுசாகக் கலியாணம் செய்த சோடி. ஜனார்த்தன், கஜந்தினி. சான்ட்ரிங்ஹாமில் அவனுடைய அறைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். கஜந்தினிக்கு விரியில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், விடிய ஆறு மணி ஷிஃப்ற். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் கார். வாங்கின கையோடு கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு பையில் சில்லுக்கடியில் வைக்கத் தேசிக்காயும், கற்பூரமும் கொண்டுவந்திருந்தார்கள். சிறில் அதைப் பார்த்து மகிழ்ந்தார். எந்தக் கோயிலென்றாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான் என்றார்.

ஜனார்த்தன் காரைச் சுற்றி நடந்தான். ஸ்ரார்ட் செய்தான். பூனை மாதிரி முனகிக்கொண்டு நின்றது கார். வேலையிடத்தில் இருக்கிறவர்கள் வெளியில் ஒரு இடத்தில் காட்டிப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான், ஏதோ பகிடி சொல்கிற மாதிரி. எங்கட ஆளிடம் வாங்குகிறபோது அதென்ன மரியாதை என்று தானே பதிலும் சொன்னான். சிறில் மறுக்கவில்லை. அது உங்கட விருப்பம், தாராளமாகக் காட்டுங்கோ என்றார். அதைக் கேட்டதும் ஜனார்த்தன் இன்னும் கூச்சப்பட்டுப்போனான். கூச்சத்தை மறைக்க, கைதுடைத்துக்கொண்டு நின்ற றொய்ஸ்டன் பக்கம் திரும்பினான்.

"நீங்கள் மெக்கானிக்தானே, அண்ணா. நீங்களே சொல்லுங்கோ. உங்கட தங்கச்சிக்கு எண்டா இதை வாங்குவீங்களோ?"

சிறில் பக்கத்துக் காரின் கண்ணாடியில் இருந்த ஒரு புள்ளியைத் துடைக்கத் தொடங்கினார். கஜந்தினி தேசிக்காய்ப் பையைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல கார்" என்றான் றொய்ஸ்டன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தது போல ஜனார்த்தன் உடனே கைகொடுத்தான். உள்ளே போய்க் கடதாசி எழுதினார்கள். கஜந்தினி மட்டும் வெளியில் நின்று, விடிய ஏதும் பிரச்சினை வந்தால் கேட்க என்று அவனுடைய நம்பரைக் கேட்டாள். அவன் கொடுத்தான். நம்பரைப் பதிந்துவிட்டு, கைதவறி அடித்துவிட்டேனோ என்று உடனே ஒருதரம் அடித்துப் பார்த்தாள். அவன் பொக்கற்றுக்குள் மணி அடித்தது.

சிறில் ஒரு மணிக்கே கையெழுத்து வைத்துவிட்டார். படிவம் முழுவதையும் சுத்தமாக நிரப்பி, றொய்ஸ்டன் நேர்மையான, நம்பிக்கையான தொழிலாளி என்று ஒரு தனிக் கடிதமும் எழுதித் தந்தார். பின்னேரமே றொய்ஸ்டன் எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினான். கிடைத்துவிட்டதென்று உடனே மின்னஞ்சல் வந்தது. அனோஜா வீடியோவில் அழுதாள். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காமல், தாய் அழுகிறதைப் பார்த்துத் தானும் அழப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்ப் புதுச் சப்பாத்தைக் கொண்டுவந்து கமராவுக்கு முன்னால் பிடித்தாள். அவன் வடிவாயிருக்கு என்றான்.

திங்கட்கிழமை விடிய அவனை எழுப்பினது மணிக்கூடு இல்லை, ரெலிபோன். ஐந்தேகால். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. யாரென்று பார்க்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தான். எடுக்காமல் விடலாம் என்று நினைத்தான், எடுத்தான்.

கஜந்தினி மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்கினாள், இந்த நேரத்தில் எழுப்பிவிட்டேனே என்று. கார் உதறுகிறதாம். என்ஜின் படம் போட்ட லைற் ஒன்று மின்னுகிறதாம். ஓடலாமா, கூடாதா என்று கேட்டாள். இன்றைக்குத்தான் முதல் ஷிஃப்ற். அவளுடைய குரலுக்குப் பின்னால் அவனுக்கு என்ஜின் கேட்டது. நாலில் ஒன்று தவறித் தவறி விழுகிற அந்தச் சத்தத்தை இப்போது அவன் நித்திரையிலும் அடையாளம் சொல்லுவான்.

இனிச் சொல்லலாம்தானே என்று அவனுக்குத் தோன்றியது. படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது. லாச்சிக்குள் அவனுடையது என்று இனி ஒன்றும் இல்லை. நிற்பாட்டுங்கோ, ஓடாதேயுங்கோ, காரைத் திருப்பிக் கொடுங்கோ. மூன்று வசனம். அதற்குப் பிறகு ஜனார்த்தன் சிறிலிடம் போவான், யார் சொன்னது என்று சிறில் கேட்பார், கேட்ட உடனே இவர்களும் சொல்லிவிடுவார்கள். நேர்மையானவன் என்று எழுதின கை விசா ஆட்களுக்கு இன்னொரு கடிதமும் எழுதும். இல்லை, இதெல்லாம் பிறகு அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். அந்த நேரத்தில் அவன் ஒன்றையும் யோசிக்கவில்லை. யோசிக்க முதலே வாய் திறந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, போர்வை போர்த்திவிடுகிற மாதிரி ஒரு பரிவான குரலும் கூடவே வந்தது.

"பயப்பிடாதேயுங்கோ, தங்கச்சி. ரெண்டு நிமிசத்தில நிண்டிடும். அது குளிருக்கு வாறது."

அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விட்டது கேட்டது.

"நான் பயந்தே போனன். சரி அண்ணா, நீங்கள் சொன்னாச் சரி" என்றாள் கஜந்தினி.

அவள் வைக்கும்போது என்ஜின் உதறல் நின்றுவிட்டிருந்தது.  றொய்ஸ்டன் எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய், வான் கண்ணாடியில் பிடித்திருந்த உறைபனியைச் சுரண்டத் தொடங்கினான்.